இணையத்தில் பணம் பெறுவது எங்ஙனம்?
கட்டணவாயிலைத் தேர்வோர்க்குச் சில கருத்துகள்

பொருள் இன்றி எப்பணியும் நடவாது. தமிழ்ப்பணியும் அதற்கு விலக்கன்று. நூலை அச்சிடுவோர்க்கும் வகுப்பு நடத்துவோர்க்கும் பணம் வேண்டும். முன்பெல்லாம் அப்பணம் கைக்குக் கை வந்தது; காசோலையாகவும் அஞ்சல் ஆணையாகவும் வந்தது. இன்றோ, தமிழ்ச் சங்கங்களும், முன்னாள் மாணவர் மன்றங்களும், தம் நூலைத் தாமே விற்கும் எழுத்தாளர்களும் தத்தமக்கென இணையத்தளம் அமைத்து, அதன் வழியே பணம் பெற விழைகின்றனர். ‘இணையம்’ என்னும் சொல்லையே நமக்கு ஆக்கித் தந்தவர் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி என்பர். அச்சொல் பிறந்த நாட்டிலும் அதன் அண்டை நாட்டிலும் வாழும் நாம், அப்பொருளைச் செவ்வனே கையாளும் அறிவும் பெறுதல் வேண்டும்.

இணையத்தளத்தை அமைப்பது இன்று அரிய செயலன்று. 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளும், அதனோடு சேர்ந்து கடை நடத்தும் வூகாமர்ஸ் என்னும் செருகுநிரலும் விலையின்றிக் கிடைக்கின்றன. வகுப்பு நடத்துவோர்க்கு 2002இல் தோன்றிய மூடில் உண்டு. எனினும் இம்மென்பொருள்கள் தாமாகப் பணத்தை வாங்கித் தருவன அல்ல. நடுவில் நின்று பணத்தைப் பெற்றுத் தருவதற்கு வேறொரு நிறுவனம் வேண்டும். வணிகர் அதனை ‘பேமெண்ட் கேட்வே’ என்பர். நாம் கட்டணவாயில் என்போம். எந்தக் கட்டணவாயிலைத் தேர்வது என்பதே ஈண்டு நாம் ஆராயும் வினா.

பலரும் இவ்வினாவிற்கு ஒரே விடை வைத்துள்ளனர்: “யார் குறைந்த விழுக்காடு கேட்கின்றாரோ அவரே நல்லவர்” என்பது அது. இவ்விடை முற்றிலும் தவறு என்று கூறோம்; ஆயினும் அது வினாவின் நான்கில் ஒரு பங்கிற்கே விடையாகும். ஏனைய மூன்று பங்கையும் மறந்தமையால் அல்லலுற்ற சங்கங்கள் உள.

பணம் கடக்கும் கைகள்

முதற்கண், பணம் வரும் வழியை அறிதல் வேண்டும். ஓர் ஆசிரியர் தம் கடனட்டையால் நம் தளத்தில் ஒரு நூலை வாங்குகின்றார் என்க. அவருக்கு அட்டை வழங்கிய வங்கி ஒன்று; விசா, மாஸ்டர்கார்டு போன்ற அட்டைக் கட்டமைப்பு இரண்டு; நம் பொருட்டுப் பணத்தைப் பெறும் வங்கி மூன்று; செய்தியைக் கொண்டு செல்லும் கட்டணவாயில் நான்கு; இறுதியில் நாம் ஐந்து. இவ்வைந்து கைகளையும் கடந்தே அவர் பணம் நம்மிடம் சேர்கின்றது. ஒவ்வொரு கையும் தனக்குரிய கூலியை எடுத்துக்கொள்கின்றது.

முற்காலத்தில் சிறு வணிகர் ஒருவர் அட்டையை ஏற்க விரும்பின், வங்கியில் தனிக்கணக்குத் திறந்து, பல தாள்களில் ஒப்பமிட்டு, நெடுநாள் காத்திருத்தல் வேண்டும். பின்னர்த் தோன்றிய நிறுவனங்கள் இதனை மாற்றின. அவை ஆயிரக்கணக்கான சிறு வணிகரைத் தம் குடைக்கீழ்க் கொணர்ந்து, அனைவர்க்கும் தாமே முன்னின்று பணம் பெற்றுப் பகிர்ந்தளிக்கின்றன. 1998இல் வேறு பெயரோடு தோன்றிய பேபாலும், 2010இல் தோன்றிய ஸ்டிரைப்பும் இவ்வகையின. ஸ்டிரைப் 2016இல் சிங்கப்பூருக்கும் 2019இல் மலேசியாவிற்கும் வந்தது. மலேசியாவில் ஐபே88, பில்பிளிஸ் போன்றனவும், சிங்கப்பூரில் ஹிட்பே போன்றனவும் உள்நாட்டில் வளர்ந்தவை.

அட்டையைத் தவிர, வங்கிக் கணக்கிலிருந்து நேரே செலுத்தும் வழியும் இன்று பெருவழக்காகிவிட்டது. சிங்கப்பூரில் 2017 ஜூலையில் பேநவ் தொடங்கியது. மலேசியாவில் எஃப்பிஎக்ஸ் என்னும் முறை இணைய வணிகத்தில் வேரூன்றியுள்ளது. 2018இன் இறுதியில் டுயிட்நவ் வந்தது. 2023 நவம்பரில் பேநவும் டுயிட்நவும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. தனியாள் ஒருவர் ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்குக் கைப்பேசி எண்ணைக் கொண்டே பணம் அனுப்ப இயல்வதாயிற்று.

எனவே முதல் வினா, “நமக்கு எது மலிவு?” என்பதன்று, “நமக்குப் பணம் தருவோர் கையில் என்ன உள்ளது?” என்பதே. ஓய்வு பெற்ற ஆசிரியரிடம் கடனட்டை இல்லாதிருக்கலாம். வங்கிக் கணக்கு இருக்கும். அயல்நாட்டு அன்பரிடம் பேநவ் இராது, அட்டை இருக்கும். வூகாமர்ஸ் போன்ற மென்பொருளில் ஒன்றுக்கு மேற்பட்ட வாயில்களை ஒருங்கே திறந்து வைக்கலாம் என்பதை நினைவிற்கொள்க.

விழுக்காடு என்னும் மயக்கம்

இனி, செலவைக் காண்போம். கட்டணவாயில்கள் பெரும்பாலும் இரு வகையாகக் கூலி பெறும்: தொகையில் இத்தனை விழுக்காடு என்பது ஒன்று; முறை ஒன்றுக்கு இத்தனை காசு என்பது மற்றொன்று. விளம்பரத்தில் முன்னது பெரிதாகத் தெரியும்; சிறு தொகை பெறுவோரை வருத்துவது பின்னது.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு வாயில் 3.4 விழுக்காடும் முறைக்கு 50 காசும் கேட்கின்றது எனக் கொள்க. 100 வெள்ளிக்கு அது 3 வெள்ளி 90 காசு பெறும், அஃதாவது 3.9 விழுக்காடு. 5 வெள்ளிச் சிறுநூல் ஒன்றுக்கோ 67 காசு பெறும், அது 13.4 விழுக்காடு ஆகும்! மற்றொரு வாயில் வங்கிவழிச் செலுத்தத்திற்கு விழுக்காடின்றி முறைக்கு 1 வெள்ளி கேட்கின்றது எனக் கொள்க. 100 வெள்ளிக்கு இது மிக மலிவு. 5 வெள்ளிக்கோ முன்னதினும் கொடிது. இவ்விரண்டும் சமமாகும் இடம் ஏறத்தாழ 14 வெள்ளி 70 காசு. நாம் விற்கும் பொருளின் விலை இக்கோட்டிற்கு மேலா, கீழா என்று பார்த்தால் போதும். விடை தானே கிடைக்கும்.

இன்னொன்றும் கூறுவேன். 60 உறுப்பினர் திங்கள்தோறும் 5 வெள்ளி சந்தா செலுத்தும் மன்றம் ஒன்று, முதலிற் கூறிய வாயிலைக் கொண்டால், ஆண்டுக்கு 482 வெள்ளி 40 காசு கூலியாகப் போகும். அதே 60 வெள்ளியை ஆண்டிற்கு ஒரு முறையாகப் பெற்றால் 152 வெள்ளி 40 காசே செலவாகும். வாயிலை மாற்றாமலே 330 வெள்ளி மிஞ்சுகின்றது. சிறுவர் நூலகத்திற்குப் புத்தகம் வாங்க அது உதவாதா?

இவற்றோடு, மாதக் கட்டணம் உண்டா, அயல்நாட்டு அட்டைக்குக் கூடுதல் உண்டா, பணத்தைத் திருப்பித் தரும்போது முன்பு எடுத்த கூலியைத் திருப்பித் தருவாரா என்பனவற்றையும் கேட்டறிதல் வேண்டும். பல நிறுவனங்கள் அக்கூலியைத் திருப்பித் தருவதில்லை. ஷாப்பிஃபை போன்ற சில தள மென்பொருள்கள், தமக்குரிய வாயிலை விடுத்து வேறொன்றைப் பயன்படுத்தினால் தாமும் தனியே ஒரு கூலி விதிக்கும்.

பிறர் மறையைக் காவாதிருத்தல்

பணத்தினும் பெரிது நம்பிக்கை. அட்டை எண்ணை ஒருவர் நம் தளத்தில் இடும்போது, தம் இல்லத்தின் சாவியையே நம்மிடம் தருகின்றார். அச்சாவியை நாம் வாங்காமலிருப்பதே அறிவுடைமை.

அட்டை விவரங்களைக் கையாள்வோர் பின்பற்ற வேண்டிய விதிகளை அட்டை நிறுவனங்கள் 2004இல் ஒருங்குபடுத்தின. ‘பிசிஐ டிஎஸ்எஸ்’ என்பது அவ்விதித் தொகுப்பின் பெயர். அதில் தலையாய கட்டளைகள் பன்னிரண்டு. அட்டையில் அச்சிட்டுள்ள மூன்றிலக்க அல்லது நான்கிலக்கக் காப்பு எண்ணை, செலுத்தத்திற்கு ஒப்புதல் பெற்ற பின்னர் வணிகர் எவ்வகையிலும் வைத்திருத்தல் கூடாது என்பது அவ்விதிகளுள் ஒன்று.

இணையத்தளத்தில் அட்டை விவரம் பெறும் முறை மூவகைப்படும். பணம் செலுத்துவோரைக் கட்டணவாயிலின் பக்கத்திற்கே அனுப்பி, முடிந்தபின் திரும்பி வரச் செய்வது முதல் முறை. நம் பக்கத்திலேயே, கட்டணவாயிலுக்குரிய சிறு கட்டம் ஒன்றைப் பதித்து வைப்பது இரண்டாம் முறை. விவரங்களை நாமே வாங்கி வாயிலுக்கு அனுப்புவது மூன்றாம் முறை. முதல் முறையில் நம் பொறுப்பு மிகக் குறைவு. மூன்றாம் முறையில் அது மலையளவு. சிறு சங்கங்கள் மூன்றாவதை நாடவே கூடாது. முதல் முறையில் பக்கத்தின் தோற்றம் மாறுகின்றதே என்று வருந்துவோர் உளர். தோற்றத்திற்காகக் காவலை விற்றல் தகாது.

இஃது அச்சுறுத்தும் பேச்சன்று. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தின் தளத்தில் தீயோர் சிறு நிரல் ஒன்றைப் புகுத்தினர். பயணச்சீட்டு வாங்கியோர் இட்ட விவரங்கள், அவர் அறியாமலே வேறோரிடம் சென்று சேர்ந்தன. 4 இலட்சத்திற்கும் மேற்பட்டோரின் செய்திகள் களவு போயிருக்கலாம் என மதிப்பிடப்பட்டது. 2020 அக்டோபரில் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் அந்நிறுவனத்திற்கு 2 கோடி பவுண்டு தண்டம் விதித்தது. பெரு நிறுவனத்திற்கே இந்நிலை எனில், ஓய்வு நேரத்தில் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் நம் மன்றச் செயலாளர் எம்மாத்திரம்? ஆகவே, எவ்வாயிலைத் தேர்ந்தாலும் மென்பொருளையும் செருகுநிரலையும் காலந்தவறாது புதுப்பித்தல் கடமையாகும். புதுப்பிக்க ஆளில்லாத செருகுநிரலைக் கொண்ட வாயில், எத்துணை மலிவாயினும் வேண்டா.

சீட்டு வேறு, சான்று வேறு

நான் அறிந்த ஒரு தமிழ் மன்றத்தில் நிகழ்ந்ததை ஈண்டுக் கூறுகின்றேன். அவர்தம் தளத்தில் நூல் வாங்குவோர், வாயிலின் பக்கத்திற்குச் சென்று திரும்பியதும், “நன்றி, பணம் பெற்றோம்” என்னும் பக்கம் தோன்றும். உடனே மென்பொருள் ‘செலுத்தப்பட்டது’ எனக் குறித்துக்கொள்ளும். பொருளாளரும் நூலை அனுப்பிவிடுவார். மாத இறுதியில் வங்கிக் கணக்கைப் பார்த்தபோது, மென்பொருள் காட்டிய தொகைக்கும் வங்கியில் இருந்த தொகைக்கும் பொருத்தமில்லை. சிலர் பணம் செலுத்தாமல் இடையில் நிறுத்தித் திரும்பியிருந்தனர். திரும்பி வந்ததையே மென்பொருள் பணம் வந்ததாகக் கொண்டுவிட்டது. பொருளாளரோ ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஒரு காசும் தவறாதவர். கூட்டத்தில் அவர் கணக்கை ஒப்புவிக்க எழுந்தபோது பட்ட துன்பத்தை நான் மறவேன்.

பிழை யாருடையது? திரும்பி வருபவர் கையிலுள்ள சீட்டைச் சான்றென நம்பிய நிரலுடையது. நல்ல கட்டணவாயில், பணம் வந்ததும் நம் தளத்திற்குத் தானே தனியாக ஒரு செய்தி அனுப்பும். தொழில்நுட்பர் அதனை ‘வெப்ஹூக்’ என்பர். அச்செய்தியில் வாயிலும் நாமும் மட்டுமே அறிந்த மறைச்சொல்லைக் கொண்டு ஆக்கிய முத்திரை இருக்கும். அம்முத்திரையைச் சரிபார்த்து, தொகையையும் ஒப்பிட்டு, அதன்பின்னரே ‘செலுத்தப்பட்டது’ எனக் குறித்தல் வேண்டும். அதே செய்தி இருமுறை வருவதும் உண்டு. ஒரு பணத்திற்கு இரு நூல் அனுப்பாதவாறு மென்பொருள் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

இவற்றையெல்லாம் உண்மைப் பணமின்றிச் செய்து பார்ப்பதற்குப் பல நிறுவனங்கள் சோதனைக் களம் ஒன்றைத் தருகின்றன. அக்களத்தில் வெற்றியை மட்டும் சோதித்தல் போதாது. அட்டை மறுக்கப்பட்டால் என்ன ஆகின்றது, பாதியில் நிறுத்தினால் என்ன ஆகின்றது என்பனவற்றையும் சோதித்தறிக. சோதனைக் களம் தராத வாயிலை விலக்குக.

தமிழ் ஏறுமா?

நம்மவர்க்குரிய தனி வினா ஒன்று உண்டு. நூலின் பெயரும் வாங்குவோரின் பெயரும் தமிழில் இருப்பின், அவை வாயிலைக் கடந்து சிதையாமல் வருகின்றனவா? சில இடங்களில் தமிழ் எழுத்துகள் வினாக்குறிகளாகவோ வெற்றுக் கட்டங்களாகவோ மாறிப் பற்றுச்சீட்டில் நிற்கும். ‘கொ’, ‘ணௌ’ போன்ற எழுத்துகளும் ‘ஸ்ரீ’யும் உள்ள பெயர்களை இட்டுச் சோதனைக் களத்திலேயே பார்த்துவிடுக.

மற்றொன்று, அட்டைக் கணக்கறிக்கையில் நம் பெயர் எவ்வாறு தோன்றும் என்பது. அங்குக் குறுகிய ஆங்கில எழுத்துப் பெயரே பெரும்பாலும் இடம்பெறும். அது செலுத்தியவர்க்கு விளங்காத சுருக்கமாக இருந்தால், “இஃது எனக்குத் தெரியாத செலவு” என அவர் தம் வங்கியில் மறுப்புரைப்பார். அப்போது பணம் நம்மிடமிருந்து திரும்ப எடுக்கப்படும். அதன்மேல் தனிக்கட்டணமும் விதிக்கப்படலாம். எனவே மன்றத்தின் பெயர் எளிதில் விளங்குமாறு அதனைப் பதிவு செய்க. வங்கியின் செயலியில் ஒப்புதல் தருவதோ ஒருமுறைக் கடவுச்சொல் இடுவதோ உள்ள முறையை நம் வாயில் தாங்கினால், களவாடிய அட்டையால் வரும் இழப்பு பெரும்பாலும் அட்டை வழங்கிய வங்கியைச் சாரும், நம்மைச் சாராது.

சட்டத்தின் காவலும் பிரியும் உரிமையும்

நம் பணம் சில நாள் வாயிலின் கையில் தங்கும். அந்நாள்களில் அந்நிறுவனம் நொடித்துப் போனால் என் செய்வது? சிங்கப்பூரின் கட்டணச் சேவைகள் சட்டம் 2019இல் இயற்றப்பட்டு, 2020 ஜனவரி 28இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, வணிகர்க்காகப் பணம் பெறும் சேவையை நடத்துவோர் நாணய வாரியத்தின் உரிமம் பெறுதல் வேண்டும். பெருந்தொகை கையாளும் பெரு நிறுவன உரிமம் பெற்றோர், வாடிக்கையாளர் பணத்தைத் தனியே காத்தலும் வேண்டும். மலேசியாவில் 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டத்தின்கீழ், வணிகர்க்குப் பணம் பெற்றுத் தருவோர் பேங்க் நெகாராவில் பதிவு செய்தல் வேண்டும். பதிவு பெற்றோர் பட்டியலை யாவரும் காணலாம். ஒப்பந்தத்தில் ஒப்பமிடுமுன் அதனைப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும்.

இறுதியாக, பிரியும் உரிமை. மாதச் சந்தாவிற்காக அட்டை விவரத்தை வாயில் சேமித்து வைத்து, நமக்கு ஓர் அடையாள வில்லையை மட்டும் தரும். காவலுக்கு இது நன்று. ஆயினும் அவ்வில்லை அவ்வாயிலில் மட்டுமே செல்லும். நாளை நாம் வேறிடம் செல்ல விரும்பின், சேமித்த விவரங்களை அவர் புதிய வாயிலுக்குக் காவலோடு மாற்றித் தருவாரா? தராவிடின், சந்தாதாரர் அனைவரையும் மீண்டும் அட்டையை இடச் சொல்லுதல் வேண்டும். அவருள் ஒரு சாரார் திரும்பி வாரார். மென்பொருள் எழுதும் இளைஞர்களும் இதனைக் கருத்திற்கொள்க: ஒரே நிறுவனத்தின் பெயரை நிரலெங்கும் பதித்து வைக்காமல், வாயில்களுக்கென ஒரு பொது இணைப்பை வகுத்து, எந்த வாயிலையும் மாட்டவும் கழற்றவும் இயலுமாறு எழுதுவதே சிறப்பு.

தொகுப்புரை

இதுகாறும் கூறியவற்றை ஏழு வினாக்களாகத் தொகுக்கலாம். ஒன்று: பணம் தருவோர் கையில் உள்ளது எது? இரண்டு: நம் பொருளின் விலைக்கு உண்மைக் கூலி எவ்வளவு? மூன்று: அட்டை எண் நம் தளத்தைத் தொடாமல் செல்லுமா? நான்கு: முத்திரையிட்ட செய்தி வருமா, நம் செருகுநிரல் அதனைச் சரிபார்க்குமா? ஐந்து: தமிழ் சிதையாமல் வருமா? ஆறு: நிறுவனம் சட்டப்படி உரிமமோ பதிவோ பெற்றதா? ஏழு: விலக விரும்பினால் விடுவாரா? விழுக்காடு இவ்வேழனுள் ஒன்றின் ஒரு பகுதியே என்பது இப்போது விளங்கும்.

ஒரு நூற்றாண்டிற்கு முன்னர், சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளில் நகரத்தார் பெட்டியடியில் அமர்ந்து வட்டிக்கடை நடத்தினர். கடல் கடந்து பணம் செல்ல வேண்டின், பணமூட்டையைக் கப்பலில் ஏற்றாமல், ஒரு தாளில் உண்டியல் எழுதி அனுப்பினர். அத்தாளைக் கண்டதும் மறுகரையில் பணம் தரப்பட்டது. தாளுக்கு மதிப்பு ஏது? எழுதியவரின் நாணயமே அதன் மதிப்பு. ‘நாணயம்’ என்னும் ஒரு சொல்லே காசையும் நேர்மையையும் குறிக்கும் மொழி நம்முடையது. தாள் போய் மின்குறி வந்தாலும் அவ்வுண்மை மாறவில்லை. ஐந்து வெள்ளி அனுப்பும் ஆசிரியர், கட்டணவாயிலின் பெயரைப் பார்த்து அனுப்புவதில்லை. நம் மன்றத்தின் பெயரை நம்பியே அனுப்புகின்றார். அந்நம்பிக்கைக்குத் தக்க வாயிலைத் தேர்வது நம் கடமையாகும்.